பாறைப் புத்தியும் பனிச்சறுக்குச் சாமானும்

எங்க வீட்டுப் பரண்மேல ஒரு ஜோடி ஸ்கீ மட்டை கெடக்கு. டி. கல்லுப்பட்டியில! சித்திரை மாசம் கரிசக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குற ஊர்ல, பனியில சறுக்குற மட்டை. ஒட்டடை அடிக்கிறேன்னு பரண்ல ஏறின அப்பா அதைக் கீழே இறக்கிப் போட, அப்பத்தா ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டுக் கேட்டுச்சு: "ஏய்யா, இது ஏணி செய்ய வாங்கிப் போட்டதா? குறுக்குச் சட்டத்தைக் காணோமே?"

என்னத்தச் சொல்ல. "ஆமா அப்பத்தா, பாதி ஏணி"ன்னு சொல்லித் திரும்ப மேலேயே ஏத்திட்டேன் :-)

யோசிச்சுப் பார்த்தா அது பெரிய பொய்யும் இல்லை. ஆபீஸ் வேலையா ஒரு குளிர்காலம் ஓஸ்லோவுல இருந்தப்ப, ஆர்வக்கோளாறுல தப்பா வாங்கின மட்டை அது. தப்பா வாங்கினதுக்கு ஒரே காரணம், பாறை ஏறுறவன் புத்தியோட கடைக்குள்ள போனதுதான். இப்ப என் கூடப் பாறை ஏறுற பசங்க சில பேர் குல்மார்க், அவுலின்னு பனிப்பக்கம் கிளம்பிட்டாங்க. "என்ன வாங்கலாம், எது லேசு, எது ஸ்ட்ராங்கு"ன்னு என்கிட்ட கேக்குறாங்க. கேள்வியே தப்புங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன். பொறுமையா கேளுங்க, நீளமான பதிவு.

பாறையில நாம எப்படி யோசிக்கிறோம்

தேவன்குறிச்சி மலைப் பாறையில செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி ஏறி வளர்ந்தவன் நான். காலேஜ் முடிச்சு, பெங்களூருல பொட்டி தட்டப் போன பிறகுதான் ராமநகரம், பாதாமின்னு போய்க் கயிறு கட்டி முறையா ஏறக் கத்துக்கிட்டேன். அங்க முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறது என்ன? சாமானை நம்பு. காரபினர் மேல 20 கிலோநியூட்டனுக்கு மேல ஒரு எண் அடிச்சிருக்கும். கயிறு, ஹார்னஸ், போல்ட் எல்லாத்துக்கும் ஒரே வேலைதான்: நீ விழுந்தா உன்னை விடாமப் பிடிக்கணும். காரபினரைப் பூட்டு, பூட்டினியான்னு ஒரு தடவை பாரு, கூட்டாளியையும் பார்க்கச் சொல்லு. இது ரெண்டு வருஷத்துல ரத்தத்துல ஊறிடும்.

அப்புறம் ஷூ. கால் விரல் மடங்குற அளவுக்கு இறுக்கமா இருந்தாத்தான் நல்ல ஷூன்னு ஒரு நம்பிக்கை. அப்புறம் எடை. முதுகுல போற ஒவ்வொரு கிராமும் கணக்கு.

இந்த மூணு பழக்கமும் (பூட்டு, இறுக்கு, எடையைக் குறை) பாறையில நம்மளைக் காப்பாத்தும். பனியில மூணுமே கொஞ்சம் கொஞ்சமா நம்மளை மாட்டி விடும். நான் மூணுலயும் மாட்டினவன்.

முதல்ல, எந்த ஸ்கீ?

ஸ்கீன்னா ஒரே சாமான்னு நினைச்சுதான் நானும் போனேன். ரெண்டு குடும்பம் இருக்கு மக்களே, நடுவுல சில ஒண்ணுவிட்ட சொந்தங்களும் இருக்கு.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீ ஒரு குடும்பம். சமதளத்துலயும் லேசான மேடு பள்ளத்துலயும் தூரம் போறதுக்கு. மட்டை ஒல்லி, எடை குறைவு. பூட்ஸோட முனை மட்டும்தான் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். ஓஸ்லோவுல மெட்ரோ ரயில் 1ஆம் நம்பர் லைனைப் பிடிச்சு ஃப்ரோக்னர்செட்டெரன்ல இறங்கினா, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே காடு. ரயில் பூரா ஸ்கீயைத் தூக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நம்ம ஊர்ல பஸ்ல சைக்கிள் டயர் ஏத்துற மாதிரி சாதாரணமா. பாட்டி, பேரன், கைக்குழந்தையை வண்டியில வச்சு இழுத்துட்டுப் போற அம்மான்னு எல்லாரும் சறுக்குவாங்க.

இதுலயும் ரெண்டு முறை. கிளாசிக்னா, ரெண்டு தடத்துல நடக்குற மாதிரி நேரா போறது. ஸ்கேட்னா, ரோலர் ஸ்கேட் மாதிரி பக்கவாட்டுல தள்ளித் தள்ளிப் போறது. ரெண்டுக்கும் மட்டை வேற.

கிளாசிக் மட்டையோட சூட்சுமம் அதோட வளைவுல இருக்கு. தரையில வச்சா நடுப்பகுதி தரையைத் தொடாம வில்லு மாதிரி தூக்கி நிக்கும். லாரிக்கு அடியில இருக்கிற பட்டை ஸ்பிரிங்கை நினைச்சுக்கோங்க. ரெண்டு கால்லயும் எடையைப் பகிர்ந்து நின்னா நடுப்பகுதி பனியில அழுந்தாது, மட்டை வழுக்கும். ஒத்தைக் கால்ல முழு எடையையும் போட்டு உந்தினா நடுப்பகுதி பனியில அழுந்திப் பிடிக்கும். அந்தப் பிடிப்புக்காக அங்க மெழுகு தடவுவாங்க, இல்லேன்னா மீன் செதில் மாதிரி வெட்டு இருக்கும். அதனால இந்த மட்டையை உயரம் பார்த்து மட்டும் வாங்கக்கூடாது, எடை பார்த்து வாங்கணும். கடையில ஒரு பழைய சோதனை உண்டு. சமமான தரையில மட்டை மேல ஏறி நின்னுக்கணும். ரெண்டு கால்ல நிக்கும்போது நடுப்பகுதிக்குக் கீழ ஒரு காகிதத்தை நுழைச்சா அது நகரணும். ஒரே மட்டை மேல முழு எடையும் போட்டா சிக்கிக்கணும். அம்புட்டுதான்.

நான் என்ன செஞ்சேன்? இந்தச் சோதனை எதுவும் பண்ணாம, கையில தூக்கிப் பார்த்து எது லேசா இருக்கோ அதை வாங்கினேன். அது ஸ்கேட் முறைக்கான போட்டி மட்டை. எனக்கோ ஒழுங்கா நிக்கவே தெரியாது. ஒரு நாலு வயசுப் பொடியன் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துட்டுப் போனான். அந்தப் பார்வையை இன்னும் மறக்கலை. ஆவ்வ்வ்.

பேக்கன்ட்ரி ஸ்கீ இன்னொரு குடும்பம். லிஃப்ட் கிடையாது, தடம் கிடையாது. நாமே மலை ஏறி, நாமே இறங்கணும். மட்டை அகலம், ஓரத்துல இரும்பு விளிம்பு. ஏறும்போது குதிகால் எழும்பும், இறங்கும்போது குதிகாலையும் பூட்டிக்கலாம். ஏறுறதுக்கு மட்டையோட அடியில 'ஸ்கின்'னு ஒரு பட்டையை ஒட்டுவாங்க. அந்தக் காலத்துல சீல் தோல்ல செஞ்சதால அந்தப் பேரு. இப்ப நைலான், இல்லேன்னா மோஹேர் ஆட்டு முடி. பூனையைத் தலையிலிருந்து வால் பக்கமா தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கமா தடவினா முடி நிக்கும் பாருங்க, அதே வித்தைதான். முன்னாடி வழுக்கும், பின்னாடி இழுத்தா பிடிக்கும்.

நடுவுல நார்டிக் பேக்கன்ட்ரின்னு ஒண்ணு. கிராஸ் கன்ட்ரி மட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி இரும்பு விளிம்பு வச்சது. மேடு பள்ளமான பனிவெளியில நாள் முழுக்க நடக்க அருமையான சாமான். ஆனா பெரும்பாலும் இதோட பைண்டிங் விழுந்தா கழண்டுக்காது. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

இறுக்கினா விறைக்கும்

ஸ்கீ பூட்ஸையும் பாறை ஷூ மாதிரியே ஒரு சைஸ் சின்னதா வாங்கினேன். "விரல் முட்டுதே சார்"னு கடைக்காரர் சொன்னார். "எனக்கு இப்படித்தான் பழக்கம்"னு கெத்தா சொன்னேன். மைனஸ் 12 டிகிரியில ஒரு மணி நேரம் போனதும் விரல் இருக்கா இல்லையான்னே தெரியலை. இறுக்கினா ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் வரலைன்னா சூடு வராது, சூடு வரலைன்னா விரல் போயிடும். குதிகால் தூக்காமப் பிடிக்கணும், விரல் ஆட இடம் இருக்கணும். பூட்ஸுக்கு இதுதான் விதி. குளிர்ல நிக்கப்போற அந்தத் தடிமனான சாக்ஸைப் போட்டுக்கிட்டே போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, பூட்ஸும் பைண்டிங்கும் ஜோடி சேரணும். என்.என்.என். பூட்ஸ் என்.என்.என். பைண்டிங்லதான் மாட்டும். அதே கம்பெனியோட என்.என்.என். பி.சி.யில மாட்டாது, அதுல குறுக்குக் கம்பி தடிமன். 75 மில்லிமீட்டர் மூணு ஆணிப் பழைய முறை தனி ஜாதி. பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ரெண்டு பக்கமும் பேசுற புரோட்டோகால் ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா கனெக்‌ஷன் கிடைக்காது. அதனால முதல்ல காலுக்கு ஏத்த பூட்ஸ், அதுக்கு ஏத்த பைண்டிங், கடைசியாத்தான் மட்டை. எல்லாரும் பளபளன்னு இருக்கிற மட்டையிலதான் ஆரம்பிக்கிறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

பூட்டினது தப்பு

பேக்கன்ட்ரி பைண்டிங்ல இன்னைக்கு ரொம்பப் பேர் வாங்குறது பின் பைண்டிங். ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980கள்ல கண்டுபிடிச்சது, டைனாஃபிட் கம்பெனி மூலமா உலகம் பூரா பரவினது. பூட்ஸ் முனையில ரெண்டு பக்கமும் குழி, பைண்டிங்ல ரெண்டு முள், அவ்வளவுதான். எடையே கிடையாது. பாறை ஏறுறவன் பார்த்தா காதல்ல விழுந்துடுவான்.

இந்த பைண்டிங்குக்கு ரெண்டு நிலை. ஏறும்போது முனையைப் பூட்டிக்கலாம், அப்ப கழண்டுக்காது. இறங்கும்போது பூட்டைத் திறந்து விடணும். அப்பத்தான் தாறுமாறா விழுந்தா பூட்ஸ் கழண்டு வெளியே வரும். எவ்வளவு விசையில கழலணும்னு நம்ம எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், திறமை எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டுத் திருகி வைப்பாங்க. காலை விட மட்டை பெரிசு இல்லைங்கிறதுதான் அதோட தத்துவம்.

ஒரு சனிக்கிழமை வாடகைக்கு இந்த செட்டை எடுத்துட்டு ஆபீஸ் நண்பர்களோட மலை ஏறினேன். உச்சியில ஸ்கின்னைக் கழட்டினேன், குதிகாலைப் பூட்டினேன். முனையையும் ஒரு தடவை பார்த்தேன், பூட்டியிருந்தது. "பூட்டியிருக்கு, நல்லது"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். காரபினர் பழக்கம்! இருபது முப்பது மீட்டர் இறங்கினதும் மட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கழல வேண்டிய பைண்டிங் கழலலை. முட்டி திருகிக்கிச்சு. மூணு மாசம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அந்தப் பூட்டு ஞாபகத்துக்கு வந்துச்சு. சாமான் மேல ஒரு குறையும் இல்லை. தப்பு முழுக்க என் புத்தியில.

அன்னைக்குப் புரிஞ்சதுதான் இந்தப் பதிவோட சாரம். பாறையில சாமான் நம்மளை விடக்கூடாது. பனியில சாமான் சரியான நேரத்துல நம்மளை விட்டுடணும். பனிச்சரிவு வந்தா இது இன்னும் முக்கியம். கால்ல கழலாத மட்டை நங்கூரம் மாதிரி உள்ளே இழுக்கும். மேல சொன்ன நார்டிக் பேக்கன்ட்ரி செட் செங்குத்தான சரிவுக்கு ஆகாதுன்னு நான் சொல்றதும் இதனாலதான். எடை குறைக்கிறேன்னு விடுவிசையைத் திருகி வைக்க வழியில்லாத பந்தய பைண்டிங்கை வாங்குறதும் நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வேண்டாத வேலை.

35 டிகிரி

இப்ப எனக்கு ரொம்பப் பயமான விஷயத்துக்கு வர்றேன்.

யானைமலை முதுகுல ஏறிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், வழுவழுன்னு சாஞ்ச பாறை. 30, 35 டிகிரி சாய்வுன்னா நாம அதை ஏறுறதுன்னே சொல்ல மாட்டோம், நடந்து போறதுன்னுதான் சொல்லுவோம். கயிறே எடுக்க மாட்டோம். 60 டிகிரி, 70 டிகிரி வந்தாத்தான் நமக்குக் கண்ணு முழிக்கும்.

பனியில கணக்கு தலைகீழ். பலகை பலகையா பேந்து வர்ற பனிச்சரிவு பெரும்பாலும் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கிற சரிவுலதான் வருது. அதை விட செங்குத்தா இருந்தா பனி தேங்காம அப்பப்ப உதிர்ந்துடும். அதை விட சாய்வு குறைஞ்சா நகராது. அதாவது, நம்ம கண்ணு "இது சும்மா நடக்குற இடம்"னு சொல்ற அதே சாய்வுதான் ஆளைக் கொல்ற சாய்வு. பல வருஷமா பாறையில பழகின கண்ணு இங்க அனுபவம் இல்லாத கண்ணை விட ஆபத்து. ஏன்னா அதுக்குப் பயமே வராது. அதனால கண்ணை நம்பாதீங்க, சாய்வை அளக்கிற கருவியை நம்புங்க. திசைகாட்டியிலயே சில மாடல்ல இருக்கு.

குல்மார்க்கைச் சும்மா பயமுறுத்தலை. அங்க கோண்டோலா நம்மளை அஃபர்வாத் பக்கம் 3,900 மீட்டருக்கு மேல கொண்டு போய் இறக்கி விட்டுடும். ஒரு சொட்டு வியர்வை இல்லாம நேரா பேக்கன்ட்ரி வாசல்ல நிப்போம். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி கிலன்மார்க்ல பனிச்சரிவு வந்து, உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவ வீரர்கள் இறந்து போனாங்க. மலையே வேலையா இருந்தவங்க அவங்க. 2024 பிப்ரவரி 22ஆம் தேதி, அதே குல்மார்க்ல சறுக்கப் போன ரஷ்யக் குழு சிக்கி ஒருத்தர் இறந்தார். குல்மார்க்கை விடுங்க. 2022 அக்டோபர் 4ஆம் தேதி உத்தரகாண்ட்ல திரௌபதி கா தண்டா 2 சிகரத்துல உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தோட குழுவே மாட்டிக்கிச்சு. பயிற்சிக்கு வந்தவங்களும் சொல்லிக் கொடுத்தவங்களும் சேர்ந்தே போனாங்க.

இதுக்கு எதிரா நம்ம கையில இருக்கிறது மூணே சாமான். ஒண்ணு, டிரான்ஸீவர், பீக்கன்னும் சொல்லுவாங்க. நெஞ்சோட கட்டிக்கிற சின்னப் பெட்டி, 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். யாராவது புதைஞ்சா மத்தவங்க தங்களோட பெட்டியைத் தேடுற நிலைக்கு மாத்தி அந்த சிக்னலைப் பிடிச்சுப் போவாங்க. ரெண்டு, புரோப். மடக்குக் கம்பி, விரிச்சா ரெண்டரை மீட்டர் அளவு நீளம், குத்திக் குத்தி ஆளைக் கண்டுபிடிக்க. மூணு, உலோகத்துல செஞ்ச ஷவல்.

இந்த மூணுல ஒண்ணு கூட பனிச்சரிவைத் தடுக்காது. இன்னொரு வேடிக்கை, நான் வாங்குற ஷவல் என்னைத் தோண்டாது. நான் என் கூட்டாளியைத் தோண்டுறதுக்கு அது. என்னைத் தோண்ட வேண்டியது அவனோட ஷவல். அதாவது, பிலே பிடிக்கிறது இங்க கயிறு இல்லை, கூட வர்ற ஆளு. சுவிட்சர்லாந்துக் கணக்குப்படி முழுசா புதைஞ்சவங்களை 10 நிமிஷத்துக்குள்ள எடுத்துட்டா பத்துல ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. அரை மணி நேரம் ஆனா பத்துல மூணு பேர்தான். மீட்புக்குழு கீழேருந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

கண்மாயில புதையல்

என் கயிறுக் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். பாதாமியில நான் விழுந்தப்ப எல்லாம் பிடிச்சவன். வர்ற ஜனவரிக்குக் குல்மார்க் திட்டம் போட்டிருக்கோம். அவன் வாங்கப்போற பட்டியலை அனுப்பினான். கார்பன் மட்டை, பந்தய பைண்டிங், லேசான பூட்ஸ். கூட்டிப் பார்த்தா ரெண்டாயிரம் டாலர் பக்கம். பீக்கன், புரோப், ஷவல் மூணும் இல்லை. மூணும் சேர்த்தே நானூறு, ஐந்நூறு டாலர்தான் ஆகும்.

"அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கலாம் மாப்ளே. கைடு வர்றாருல்ல"ன்னான்.

"கைடே புதைஞ்சா யாருடா தோண்டுறது?"

"எப்பப் பாரு பயமுறுத்திக்கிட்டே இரு."

வாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னு ஒரு ஞாயித்துக்கிழமை அவனைக் கல்லுப்பட்டிக்கு வரச் சொன்னேன். ஓஸ்லோவுலேருந்து நான் உருப்படியா கொண்டு வந்தது ரெண்டு பழைய பீக்கன். ஒண்ணை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, டப்பாவைச் சாக்குல சுத்தி, வறண்ட கண்மாய்க்குள்ள ஏற்கெனவே மண்ணு அள்ளின பள்ளத்துல இடுப்பளவு ஆழத்துல புதைச்சு மண்ணைத் தள்ளி மூடினேன். அவன் கண்ணுல படாமத்தான். இன்னொரு பீக்கனை அவன் கையில கொடுத்து, நாற்பது மீட்டர் தள்ளி நிறுத்தினேன். புரோப்புக்கு ஒரு கம்பி. ஷவலுக்கு மம்பட்டி. கடிகாரம் என் கையில.

அந்த சிக்னல் நேர்கோட்டுல கூட்டிட்டுப் போகாது. காந்தப்புலக் கோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். அது அவனுக்குத் தெரியாது. அம்புக்குறி திரும்பினதும் பெட்டி ரிப்பேருன்னு சொல்லித் தட்டிப் பார்த்தான். பாக்கெட்ல இருந்த செல்போன் வேற குறுக்கே பேசுது. (தேடும்போது போனை அரை மீட்டராவது தள்ளி வைக்கணும், அணைச்சுட்டா இன்னும் நல்லது.) ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்து நின்னார். அப்புறம் நாலு பேரு. "புதையலாப்பா?"ன்னு ஒருத்தர் மெதுவா கேட்டார். "பங்கு உண்டுல்ல?"ன்னு இன்னொருத்தர்.

கம்பியில சாக்கு தட்டுப்பட்டதும் மம்பட்டியை எடுத்துத் தோண்டி, சாக்கை வெளியே இழுத்தான். சட்டையெல்லாம் மண்ணு. சிரிச்சுக்கிட்டே "எவ்வளவு?"ன்னு கேட்டான்.

"22 நிமிஷம். நான் செத்துட்டேன் மாப்ளே."

சிரிப்பு நின்னுடுச்சு. சுத்தி நின்னவங்களும் பேசலை. அவன் கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்துட்டு நின்னான். இத்தனைக்கும் அது உதிரி மண்ணு. பனிச்சரிவு நின்னதும் சிமெண்டு மாதிரி இறுகிடும்.

அப்ப என்னதான் வாங்குறது?

கல்லுப்பட்டிக்காரன் இதைச் சொல்லாமப் போகக்கூடாது. எங்க ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்துலதான் ஜே. சி. குமரப்பா தன்னோட கடைசிக் காலத்துல இருந்தார். 1960ல காலமானார். நிலைத்து நிற்கிற பொருளாதாரம்னு வாழ்நாள் பூரா பேசின மனுஷன். ஒரு பொருள் நமக்கு எதுக்குத் தேவைங்கிற கேள்வி முதல்ல, பொருள் அப்புறம்னு அவர்கிட்ட நான் புரிஞ்சுக்கிட்டேன். சின்ன வயசுல அந்த ஆசிரமத்தைத் தாண்டிப் போகும்போது இதெல்லாம் மண்டையில ஏறலை. பரண்ல மட்டையைத் தூக்கிப் போட்ட பிறகு ஏறிச்சு :-)

அதனால என்னோட வரிசை இது:

1. முதல்ல படிப்பு. குல்மார்க், அவுலி, மணாலின்னு பயிற்சி கொடுக்கிற இடங்கள் இருக்கு. கத்துக்கிறப்ப மட்டை, பூட்ஸ் எல்லாம் அங்கேயே கிடைக்கும். பனிச்சரிவைப் பத்தின பாடம் தனியா எடுங்க.

2. பீக்கன், புரோப், ஷவல். சறுக்கத் தெரியாட்டாலும் இதை முதல்ல வாங்கலாம். பயிற்சிக்குப் பனியே வேண்டாம், கண்மாய் போதும்.

3. பூட்ஸ். சொந்தமா, கால்ல போட்டுப் பார்த்து.

4. பைண்டிங். பூட்ஸுக்குப் பொருந்துறது, விடுவிசையைத் திருகி வைக்க முடியுறது.

5. மட்டை. கடைசியா. ரெண்டு சீசன் வாடகையில ஓட்டுங்க. நீங்க சமவெளியில நடக்குற ஆளா, மலை ஏறி இறங்குற ஆளான்னு அதுக்குள்ள தெரிஞ்சுடும்.

நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிறதுல ஹெட் டார்ச், பஞ்சு ஜாக்கெட், கயிறு, ஹார்னஸ் (பனியாறு பக்கம் போனா) உதவும். பாறை ஹெல்மெட் அப்படியே உதவாது. அதுக்குத் தரச்சான்று வேற, ஸ்கீ ஹெல்மெட்டுக்கு வேற. ரெண்டு சான்றும் உள்ளது கிடைக்குது, புதுசா வாங்குறவங்க அதைப் பாருங்க.

"நமக்கு எதுக்குடா பனி, நம்ம உடம்புக்கு ஆகுமா"ன்னு கேக்குறவங்களுக்கு: பக்கத்து குடகுலேருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில இந்தியாவுக்காகப் போட்டி போடுறார். குடகுல எங்க பனி பெய்யுது? ஊர்ல பனி இல்லைங்கிறது ஒரு காரணமே இல்லை. நாலு வயசுலேருந்து சறுக்குறவங்களுக்கு இயல்பா வர்ற சில பயங்கள் நமக்கு வராது, அவ்வளவுதான். அந்தப் பயத்தை நாம படிச்சுத்தான் வாங்கணும். அதைத்தான் முதல் சாமான்னு சொல்வேன்.

கூட்டாளி கார்பன் மட்டையைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனா கிளம்பி வந்தான், கையில புது ஷவல். இந்தத் தடவை நான் தேடினேன், அவன் கடிகாரம் பிடிச்சான். 13 நிமிஷம். "நீயும் என்னைக் கொன்னுட்ட"ன்னான். அதுக்கடுத்த வாரம் அவன் 11. ரெண்டு பேரும் 10க்குள்ள வர்ற வரைக்கும் ஸ்ரீநகருக்கு டிக்கெட் போடுறதில்லைன்னு ஒப்பந்தம்.

ஆடு மேய்க்கிற பெரியவர் இப்பவும் தவறாம வந்துடுறார். புதையல்ல பங்கு கேக்குறதை விட்டுட்டார். இப்பவெல்லாம் அவர்தான் சாக்கைப் புதைச்சுட்டு, எங்கேன்னு சொல்ல மாட்டேங்கிறார்.

பி.கு: ஸ்கேட் மட்டை ஒரு ஜோடி, ஒரே குளிர்காலம் ஓட்டினது, விற்பனைக்கு. ஏணி செய்யவும் உதவும்.